மாரியில் மண் ஒழுங்கைகள்: யாழ்ப்பாணத்தின் பழைய பாதைகளைச் சைக்கிளில் தேடிப்போக ஒரு முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தின் பழைய மண் பாதைகளைச் சைக்கிளில் தேடித் திரியக் கார்த்திகைக் கடைசியிலிருந்து தை நடுப்பகுதி வரைக்கும்தான் நல்ல காலம் என்று சொன்னால் பாதிப்பேர் சிரிப்பார்கள். வெள்ளம் நிற்கும், சேறு, நுளம்பு, எப்போது பார்த்தாலும் மூடிக்கட்டிய வானம் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பங்குனி சித்திரையில் காலை பத்து மணிக்குப் பிறகு வெளியில் தலை காட்ட முடியாது. ஆடி ஆவணியில் சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும், வடகிழக்கே வடமராட்சிப் பக்கத்து மணல் பாதைகளில் சில்லு அரைவாசிக்குப் புதையும். மாரியில் வெயில் சாது, பனங்கூடலுக்குள் நிலம் முழுக்கப் பச்சை, மணல் இறுகிக் கிடக்கும். சரியான மண்ணுக்குச் சரியான நாளில் போகத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

பழைய பாதை என்று நான் சொல்வது ஒரு காலத்தில் மாட்டுவண்டி போய்வந்த, இன்றைக்குத் தார் ஏறாத பாதைகளை. பனங்கூடலுக்குள்ளால் போவது, வயற்கரையால் போவது, குளக்கட்டில் ஏறி இறங்குவது, கடற்கரைச் சவுக்கங்காட்டுக்குள் நுழைவது, இரண்டு வேலிகளுக்கு நடுவே ஆள் மட்டும் போகக்கூடிய குச்சொழுங்கையாகச் சுருங்கிப்போனது எல்லாமே இதில் அடக்கம்.

முதலில் மண்ணைப் பாருங்கள், பிறகு கலண்டரைப் பாருங்கள்

குடாநாடு சின்னதுதான், ஆனால் மண் நாலு விதம். எந்தப் பக்கம் போவது என்பதை முதல் நாள் பெய்த மழை தீர்மானிக்கட்டும்.

வலிகாமத்தின் பெரும்பகுதி செம்மண். மழை பெய்த அன்றும் அடுத்த நாளும் அதற்குள் சைக்கிளை இறக்கவே வேண்டாம். ரயரில் ஒட்டி, மட்காட்டுக்குள் போய் அடைத்து, கொஞ்சத் தூரத்திலேயே சில்லு சுற்றாமல் நின்றுவிடும், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். ஆனால் கீழே சுண்ணாம்புக்கல் என்பதால் தண்ணீரை வேகமாகக் குடித்துவிடும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் எறித்தால் அதே பாதை ஓடுவதற்கு அருமையாக இருக்கும், புழுதியும் கிளம்பாது.

வடமராட்சிக் கடற்கரையும் தென்மராட்சியின் பல பகுதிகளும் மணல். இதற்குக் கணக்கு நேர்மாறு. காய்ந்த மணலில் எந்தக் கொம்பனாலும் ஓட முடியாது, நனைந்த மணல் இறுகி நிற்கும். அதனால் ராத்திரி முழுக்கக் கொட்டி விடிய வெளித்தால் வடமராட்சிக்குப் புறப்படுங்கள். மத்தியானத்துக்குள் மேல் மணல் காய்ந்து இளகத் தொடங்கிவிடும் என்பதால் விடிய வேளைக்குப் போவதுதான் கெட்டித்தனம்.

மூன்றாவது கலட்டி, அதாவது சுண்ணாம்புக்கல் வெளியே தலைநீட்டி நிற்கும் நிலம். எந்த நாளும் ஓடலாம், சேறு கிடையாது. ஆனால் மாரியில் கல்லில் பாசி பிடித்திருக்கும், வளைவில் சட்டென்று திருப்பினால் முன்சில்லு வழுக்கும். கல்லின் விளிம்பும் கூர்மை, காற்றுக் குறைந்த ரயரை இரண்டு பக்கமும் கடித்துவிடும்.

நாலாவது கடனீரேரிக் கரையோரத்துத் தரவையும் (வெட்டவெளிப் புல்நிலம்) வயல்வெளியும். களிமண், தண்ணீர் தை வரைக்கும் நிற்கும். மாரியில் இதற்குள் போகவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கட்டாயம் போகத்தான் வேண்டுமென்றால் கல் போட்டு உயர்த்திய பாதையாகப் பார்த்துப் போங்கள். வரம்பில் மட்டும் ஓடாதீர்கள். காலபோக நெல் நிற்கும் நேரம், ஊறிப்போன வரம்பு சைக்கிள் பாரத்துக்கு உடைந்தால் வயல்காரருக்கு ஒரு நாள் வேலை.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, வீட்டிலிருங்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது எத்தனை ஊர் ஒழுங்கைகள் வாய்க்காலாகிப் போயின என்பது இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

பாதையைத் தேடுவது

கூகிள் வரைபடத்தில் சாதாரணப் படத்தை வைத்துக்கொண்டு தேடினால் பழைய பாதை ஒன்றும் அகப்படாது, செய்மதிப் படத்துக்கு மாற்றுங்கள். மேலேயிருந்து பார்த்தால் பனைகளின் தலைகள் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். அவற்றுக்கு நடுவே ஒரே அகலத்தில் ஒரு இடைவெளி நீளமாக ஓடினால் அது அனேகமாகப் பழைய வண்டிப்பாதை. காணி எல்லை என்றால் நேர்கோடாக ஓடி மூலையில் வெட்டித் திரும்பும். வண்டிப்பாதை அப்படித் திரும்பாது, மாட்டை மடக்கித் திருப்ப இடம் வேண்டுமல்லவா, மெல்ல வளைந்துதான் போகும். கணினியில் கூகிள் ஏர்த் இருந்தால் பழைய ஆண்டுகளின் படங்களையும் புரட்டலாம். ஆடி மாதப் படத்தையும் தை மாதப் படத்தையும் மாறி மாறிப் பாருங்கள், எந்த இடத்தில் வெள்ளம் நிற்கும் என்பது வீட்டிலிருந்தபடியே விளங்கிவிடும்.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடம் எங்கேயாவது கைக்கு அகப்பட்டால் விட்டுவிடாதீர்கள். இன்றைய படங்களில் இல்லாத வண்டிப்பாதை, கேணி, மடம் எல்லாம் அதில் குறித்திருக்கும். சண்டைக் காலத்தில் ஆளில்லாமல் போய்ப் பற்றை மூடிய பாதைகளைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. கண்டுபிடித்த எல்லாவற்றிலும் போகலாம் என்று அர்த்தமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

படத்தில் தேடும்போது ஒன்றை மனதில் வைத்திருங்கள். அந்தக் காலத்து ஆட்கள் சும்மா பாதை போடவில்லை. சந்தைக்கு, துறைக்கு, கோயிலுக்கு, மாடு தண்ணீர் குடிக்கும் குளத்துக்கு என்றுதான் பாதை போனது. ஆகவே இரண்டு முனையையும் முதலில் பிடியுங்கள். ஒரு பழைய சந்தையையும் ஒரு பழைய துறையையும் குறித்துக்கொண்டு நடுவில் தேடினால் பாதை தானாக வெளிக்கும்.

சைக்கிளைத் தயார்படுத்துவது

புதுச் சைக்கிள் வாங்கத் தேவையில்லை. வீட்டில் நிற்கும் பழைய லுமாலாவோ அப்பாவின் றலியோ தாராளமாகப் போதும், பெற்றோல் வராத தொண்ணூறுகளில் முழுக் குடாநாடும் அதில்தானே ஓடியது. பெரிய சில்லு கல்லுப் பாதைக்கு வசதி. மணலுக்கு மட்டும் தடித்த ரயர் போட்ட மவுண்டன் சைக்கிள் நல்லது.

செம்மண் பக்கம் போவதென்றால் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையே விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மட்காட்டைக் கழற்றிவிட்டுப் போங்கள், முதுகில் கோடு விழும், அவ்வளவுதான். பனை ஈர்க்கில் நாலைந்தை ஒன்றாகக் கட்டிக் கரியரில் செருகிக்கொள்ளுங்கள். பிறேக் கட்டைக்குப் பக்கத்தில் சேறு அடைத்தால் விரலால் நோண்டுவதைவிட ஈர்க்கால் கிளறுவது சுகம், அது இரும்பை உரசாது.

கம்பிப் பிறேக் உள்ள பழைய சைக்கிள் என்றால் கவனம். ஈர இரும்பு விளிம்பில் கட்டை பிடிக்கவே பிடிக்காது. நிற்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே மெதுவாகப் பிடித்துப் பிடித்து விட்டால் கட்டை விளிம்பைத் துடைத்துவிடும், பிறகு இறுக்கினால் நிற்கும். இதைப் புறப்பட முதல் வீட்டு ஒழுங்கையில் ஒருமுறை செய்து பாருங்கள், ஆட்டோவுக்கு முன்னால் போய்ப் பழக வேண்டாம்.

காற்று விஷயம். கல்லுக்கு இறுக்கமாக, மணலுக்குத் தளர்வாக. பெருவிரலால் அழுத்தினால் ரயர் கொஞ்சம் உள்ளே போக வேண்டும், மணலுக்கு அது கணக்கு. பழைய வால்கட்டையில், அதாவது வால்வில், காற்றை அளவாக விடுவது கஷ்டம், சுரையை அரைச்சுற்றுத் தளர்த்திச் சீறும் சத்தம் கேட்டதும் உடனே இறுக்க வேண்டும். பிறகு தார் வீதிக்கு ஏறும்போது அடிக்கவும் வேண்டும் என்பதால் கைப்பம்ப் இல்லாமல் போகாதீர்கள். வால்வு ரியூப் ஒரு துண்டு, ஒட்டுச் சாமான், ரயர் கழற்ற இரண்டு லீவர், மேலதிகமாக ஒரு ரியூப். கிளுவை, உடை, காரை என்று எந்த வேலியைப் பார்த்தாலும் முள்தான். வேலி வெட்டிப்போட்ட ஒழுங்கை என்றால் இறங்கி உருட்டுங்கள். நெருஞ்சிக்காய் புல்லுக்குள் மறைந்து கிடக்கும், புற்கரையில் ஓடிவிட்டு வந்தால் ரயரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒட்டுப்போடும்போது ஈரத்தில் பசை பிடிக்காது, காய்ந்த துணித் துண்டு ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றித் தனியாக வைத்திருங்கள். கைத்தொலைபேசியும் அதே பைக்குள் போகட்டும்.

தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கடற்கரை, ஏரிக்கரைக் கிணறுகள் பலது உவர். சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை, சந்திக்குச் சந்தி தேத்தண்ணிக் கடை உண்டு. மார்கழிக் கடைசியில் பாத்தி கிண்டத் தொடங்கிவிட்டால் வழியில் அவித்த பனங்கிழங்கும் அகப்படும்.

காற்றும் வெளிச்சமும்

இங்கே மலை இல்லை, காற்றுத்தான் ஏற்றம். மாரியில் வாடை, வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே போகும்போது வாடையை எதிர்த்துப் போய், களைத்த உடம்போடு திரும்பும்போது அதை முதுகில் வாங்குவதுதான் புத்தி. யாழ் நகரிலிருந்து வடமராட்சி அந்தத் திசையிலேயே இருப்பதால் கணக்கு தானாகச் சரிவரும், வல்லை வெளியில் போகும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். தென்மேற்கே இருக்கும் தீவகம் இதற்கு எதிர். பண்ணைப் பாலத்தில் பறந்து போகலாம், ஆஹா இன்றைக்கு நல்ல வலு இருக்கிறது என்று நினைத்துப் புங்குடுதீவு வரைக்கும் போய்விட்டால் திரும்பும்போதுதான் விஷயம் தெரியும். ஒதுங்க ஒரு மரமில்லாத பாலங்களில் வாடை முகத்தில் அறையும். தீவுப் பக்கம் போனால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததுமே சைக்கிளைத் திருப்புங்கள்.

மார்கழியில் காலை ஆறேகால் அளவில் சூரியன் எழும், பின்னேரம் ஆறு மணிக்கு முன்னாலேயே விழுந்துவிடும். பனங்கூடலுக்குள் ஐந்தரைக்கே இருட்டு. ஐந்து மணிக்குத் தார் வீதிக்கு ஏறிவிடுகிற மாதிரித் திட்டமிடுங்கள். திருவெம்பாவை நாட்களில் விடியப்புறமே கோயில்களில் சங்கும் பாட்டுமாக இருக்கும், ஒழுங்கைகளில் ஆள் நடமாட்டம் இருப்பதால் இருட்டோடு புறப்படப் பயமில்லை. நாய்கள்தான் விழித்திருக்கும். நாய் துரத்தினால் மிதித்து ஓடப் பார்க்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து மெதுவாக நடந்தால் அனேகமாக அடங்கிவிடும்.

பாதையில் இறங்கிய பிறகு

நீங்கள் நிற்பது பழைய பாதையா அல்லது நேற்று டிராக்டர் போட்ட தடமா என்று எப்படித் தெரியும்? கேணி, ஆவுரோஞ்சிக்கல், சுமைதாங்கி. இந்த மூன்றில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம், அது பெருவழி. ஆவுரோஞ்சிக்கல் என்பது மாடுகள் உடம்பு உரஞ்சுவதற்காக நட்ட கல். கிட்டப்போய்த் தடவிப் பாருங்கள், அடியில் கல்லுச் சொரசொரப்பாகவே இருக்கும், மாட்டின் விலா படும் உயரத்தில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து, மாரி ஈரத்தில் கறுத்து மினுங்கும். சுமைதாங்கி தலைச்சுமையை ஆள் உதவி இல்லாமல் இறக்கி ஏற்றக் கட்டியது, பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைக்கும் வழக்கம் இருந்தது. இப்போது பலது வீதி அகலிப்பில் போய்விட்டன, மிச்சம் இருப்பவை இந்த உள்பாதைகளில்தான். ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், சில குடும்பங்கள் இன்னும் விளக்கு வைக்கின்றன.

தண்ணீரும் வழி காட்டும். வெள்ளம் தேங்கிய இடத்தில் நடுவில் ஒரு வரி மட்டும் மேட்டில் தெரிந்தால் அங்கே கல் அடுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மதகு இருந்தால் இன்னும் நிச்சயம். கலங்கல் தண்ணீருக்குள் சைக்கிளை விட முதல் ஒரு தடியால் குத்திப் பாருங்கள். தடி சத்தம் போட்டால் கல், மௌனமாக இறங்கினால் திரும்புங்கள்.

இதையெல்லாம்விடச் சுகமான வழி கேட்பது. தோட்டத்தில் வெங்காயத்துக்கோ உருளைக்கிழங்குக்கோ வேலையாக நிற்பவர் யாரும் இருப்பார். தூரத்தில் நின்று கத்தாமல் இறங்கிப் போய், இந்த வழி எங்கே போய் ஏறும் என்று கேளுங்கள்.

“ஐயா, இந்த ஒழுங்கையாலை போனால் எங்கை மிதக்கலாம்?”

“நேரை போனியெண்டால் கோயிலடி தம்பி. ஆனால் முடக்கிலை முழங்காலளவு வெள்ளம் நிக்குது. நீர் ஆற்றை பிள்ளை?”

யாருடைய பிள்ளை என்ற அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள், அதற்குப் பிறகுதான் உண்மையான தகவல் வரும். எந்தப் பாதை முந்தி எந்தச் சந்தைக்குப் போனது, யார் வேலியை அரக்கி அரக்கி அதை மூடினார்கள், எந்தப் பற்றைக்குள் கேணி கிடக்கிறது என்று ஒரு வரைபடத்திலும் இல்லாததெல்லாம் கேட்கலாம். ஆச்சிமார் என்றால் தேத்தண்ணியும் வரும், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படலை போட்டிருந்தால் பாதை முடிந்தது. படத்தில் பாதை என்று காட்டினாலும் சரி, படலையைத் திறக்காதீர்கள்.

போகக்கூடாத இடங்கள்

இது விளையாட்டில்லை. முகமாலை, கிளாலி, எழுதுமட்டுவாள், நாகர்கோவில் பக்கங்கள் சண்டையில் முன்னரங்காக இருந்தவை. கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடந்த நிலம். சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் அந்த இடத்திலேயே திரும்புங்கள். பலகை இல்லை என்பதற்காக உள்ளே போகலாம் என்றும் இல்லை. பெருமழை மணலை அரித்துப் புதைந்ததை வெளியே கொண்டுவரும், இடமும் மாற்றும். மிருசுவிலுக்கு அங்கால் பொதுவீதியை விட்டு இறங்கவே வேண்டாம் என்பது நான் எல்லோருக்கும் சொல்வது. மற்ற இடங்களிலும் ஆளோ மாடோ தினம் போகும் தடத்தை விட்டு, ஒதுங்குவதற்காகக்கூடப் பற்றைக்குள் கால் வைக்காதீர்கள். சந்தேகமான இரும்பு எதையும் தொடாமல் பொலிஸின் 119க்குச் சொல்லுங்கள்.

வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து கட்டம் கட்டமாக விடுபட்ட காணிகளிலும் தீவகத்தில் ஆளில்லாத வளவுகளிலும் வேறொரு ஆபத்து, பாழ்கிணறு. கட்டு இடிந்து, மேலே கொடி படர்ந்து, மாரியில் நிலமட்டத்துக்குத் தண்ணீர் நின்றால் கிணறு என்றே தெரியாது. முகாம், காவலரண் பக்கம் படம் எடுக்க வேண்டாம்.

பாம்பு: வெள்ளம் ஏறினால் புடையனும் சுருட்டையும் மேட்டுக்கு வரும், மேடு என்பது நீங்கள் ஓடும் பாதை. மூடின சப்பாத்துப் போடுங்கள், சைக்கிளை ஓலைக் குவியலில் சாத்தாதீர்கள். கடித்தால் வெட்டவோ கட்டவோ உறிஞ்சவோ வேண்டாம், காலை ஆட்டாமல் 1990 அம்புலன்ஸுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி.

தொடங்குவதற்குச் சில பாதைகள்

முதல் தடவைக்கு வழுக்கையாற்றுக் கரை. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல மாரியில் ஓடுகிற இது ஒன்றுதான். அளவெட்டிப் பக்கம் தொடங்கி, கந்தரோடையில் பனைகளுக்கு நடுவே இருக்கும் பழைய தூபிகளைப் பார்த்துவிட்டு, அராலியில் அது கடனீரேரியில் விழும் இடம் வரைக்கும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போகலாம். ஆற்றங்கரையிலேயே ஓட முடியாது, சேர்ந்தும் விலகியும் போக வேண்டும், அதுதான் இதில் ருசி. செம்மண் காய்ந்த நாளில் போங்கள், மழை பெய்து ஒரு கிழமை தாண்டினால் ஆறு மெலிந்துவிடும்.

அடுத்தது எனக்குப் பிடித்தது, வல்லிபுரம் – மணற்காடு. பருத்தித்துறையில் தெருமூடி மடத்துக்குள்ளால் ஓடிப் போங்கள், வீதியே மடத்துக்கு நடுவால் போகும், இரண்டு பக்கமும் கல் திண்ணை, மழை வந்தால் ஒதுங்கலாம், கட்டியதும் அதற்குத்தானே. அங்கிருந்து வல்லிபுர ஆழ்வார் கோயில். 1936இல் பொற்சாசனம் அகப்பட்டது இந்த ஊரில்தான். கோயில் தாண்டினால் மணல். மழைக்கு அடுத்த காலை என்றால் இறுகிய தடத்தில் மணற்காட்டுச் சவுக்கங்காடு வரைக்கும் ஓடியே போகலாம், மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோவிலையும் பார்க்கலாம். சவுக்கம் ஊசிகள் விழுந்து கிடக்கும் இடத்தில் மணல் எப்போதும் கொஞ்சம் இறுக்கம், வெறும் மணலில் புதைந்தால் மரத்தடிக்கு ஒதுங்குங்கள். மணல் மேடுகளில் ஏற்ற வேண்டாம், சைக்கிளுக்கும் கூடாது, மேட்டைப் பிடித்து வைத்திருக்கும் அடம்பன் கொடிக்கும் கூடாது. தெற்கே அம்பனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தென்மராட்சியில் கொடிகாமத்திலிருந்து கச்சாய்த்துறைக்கு இறங்கும் பக்கம், சரசாலைக் குருவிக்காடு இரண்டும் நல்லது. பறவை பார்ப்பவர்களுக்கு இதுதான் காலம். நெடுந்தீவுக்குச் சைக்கிளோடு போகும் ஆசையைப் பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள், மாரிக் கடலில் குறிகாட்டுவானில் படகு நின்றால் நீங்களும் நிற்க வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும்

காலைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள், காயம் இருந்தால் முதலில் அதை. 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் ஆட்களைக் கொண்டுபோனது, தேங்கிய தண்ணீரில் இறங்குபவர்களுக்கு வருவது அது. காலில் புண் இருந்தால் வெள்ளத்தில் இறங்கவே வேண்டாம். அடுத்த சில கிழமைக்குள் காய்ச்சல், தசை நோ என்று வந்தால் பனடோலோடு இழுத்தடிக்காமல் வைத்தியரிடம் போய், வெள்ளத்துக்குள் திரிந்ததை அவர் கேட்க முதல் நீங்களே சொல்லுங்கள்.

சைக்கிளை அன்றைக்கே கழுவ வேண்டும். செம்மண் காய்ந்தால் உளி வைத்து அடிக்கும் நிலைமை. கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்லதண்ணீரில் முழுக்கக் கழுவி, செயினைத் துணியால் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள், உப்புக் காற்றுப் பட்ட செயின் விடிய மஞ்சளாக நிற்கும். தேங்காய் எண்ணெய் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பிசினாகி மணலைப் பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெயே போதும். பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள். நறநறவென்றால் உள்ளே மணல் போய்விட்டது, அடுத்த மழைக்கு முன்னர் கழற்றிக் கிறீஸ் மாற்றச் சொல்லிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.